சின்ன ஃபிரேம் ரிவால்வர்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைத்து எடுத்துச் செல்ல ஒன்று, வீட்டுக் காவலுக்கும் பயிற்சிக்கும் காட்டுப் பக்கம் நடக்கப் போவதற்கும் இன்னொன்று என்று இரண்டு வாங்காமல், ஒரே சின்ன ரிவால்வரில் எல்லாவற்றையும் சமாளிக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. துப்பாக்கி வைத்திருக்க ஓர் உரிமம், அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக வேறோர் உரிமம் என்று கேட்கும் இடங்கள் உண்டு. மறைத்து எடுத்துச் செல்வதே குற்றமாகும் இடங்களும் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை முதலில் தெளிவாகத் தெரிந்துகொண்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.

சின்ன ஃபிரேம் என்றால் எவ்வளவு சின்னது?

ஐந்து .38 தோட்டா (.38 என்பது பருமனைக் குறிக்கும் எண்) கொள்ளும் சிலிண்டர் எனும் சுழல் உருளை, அதைச் சுற்றி எவ்வளவு இறுக்கமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு இறுக்கமாகக் கட்டிய ஃபிரேம், அதாவது துப்பாக்கியின் உடம்பு. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷல்தான் இந்த அளவை நிலைநிறுத்தியது. அந்த ஃபிரேமுக்கு ஜே என்று பெயர் வைத்தார்கள். இன்று கடையில் பார்க்கும் 642, 442, 638, 640, 60 என்ற ஸ்மித் மாடல்கள் எல்லாம் அதே ஜே ஃபிரேமில் வந்தவை. ரூகரின் எஸ்பி101, 2009-இல் வந்த எல்சிஆர் இரண்டும் இதே வகுப்பு. இவற்றின் சிலிண்டர் பருமன் சுமார் 33 மி.மீ. முதல் 34 மி.மீ. வரை.

கோல்ட் கோப்ரா, கிம்பர் கே6எஸ், டாரஸ் 856 ஆகியவை ஆறு தோட்டா கொள்ளும். கே6எஸ் சிலிண்டர் சுமார் 35 மி.மீ. தான் என்பதால் அதையும் தாராளமாகச் சின்ன ஃபிரேமில் சேர்க்கலாம். ஆறு தோட்டாவைச் சின்ன உடம்பில் அடக்குவது புது யோசனையும் இல்லை. கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-லேயே அதைச் செய்துவிட்டது.

தட்டையான, பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் பிஸ்டல்கள் கிடைக்கும்போது ரிவால்வர் எதற்கு?

நியாயமான கேள்வி. இடுப்பில் பெல்ட்டோடு உறை மாட்டிக்கொள்ள முடிகிறவர், கையில் நல்ல பலம் உள்ளவர், வாரந்தோறும் பயிற்சி செய்கிறவர் என்றால் சின்ன பிஸ்டல் அவருக்குப் பொருத்தமாகவே இருக்கும். தோட்டா அதிகம், டிரிகர் லேசு, குறி பார்ப்பதும் எளிது.

ரிவால்வருக்கென்று சில இடங்கள் இருக்கின்றன. பாக்கெட்டில் வைக்கும்போது அதன் உருண்ட பிடி விரலுக்குள் தானாக வந்து உட்காரும். தட்டைப் பிஸ்டலைப் பாக்கெட்டுக்குள் இப்படிப் பிடிப்பது சிரமம். எதிராளி மேலே வந்து விழுந்து கட்டிப் புரளும் நெருக்கத்தில் பிஸ்டலின் ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி, ஏதாவது ஒன்றில் இடித்துப் பின்னே நகர்ந்தால் சுடாமல் நின்றுவிடலாம். ரிவால்வரில் நகரும் ஸ்லைடு கிடையாது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க விரலில் பலமில்லாதவர்களுக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கும் சிலிண்டரைத் திறந்து தோட்டா போடுவது சுலபம். ஆனால் அவர்களுக்கே கனமான டிரிகர் தடையாகவும் வரலாம். அதனால் வாங்கும் முன் அவர்களே கையில் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வேறொருவர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது சரிவராது.

எடை எவ்வளவு இருக்கலாம்?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தன்னால் அமைந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

காலியாக இருக்கும்போது உள்ள எடைகள் தோராயமாக இப்படி: ஸ்கேண்டியம் கலந்த அலுமினிய ஃபிரேமும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட ஸ்மித் 340பிடி (PD) மாடல் சுமார் 330 கிராம். ரூகர் எல்சிஆர் .38 சுமார் 380 கிராம். அலுமினிய ஃபிரேம் கொண்ட ஸ்மித் 642 அதைவிடச் சற்றுக் கூடுதல், 400 கிராமைத் தாண்டும். எல்சிஆர் .357-க்கு எஃகு ஃபிரேம் என்பதால் சுமார் 480 கிராம். முழுக்க எஃகால் ஆன ஸ்மித் 640 சுமார் 630 கிராம். எஸ்பி101 சுமார் 720 கிராம். ஐந்து தோட்டா போட்டால் இன்னும் 75 கிராம் போலக் கூடும்.

கடையில் 330 கிராம் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் யாருக்கும் ஆசை வரும். சட்டைப் பையில் போட்டாலும் தெரியாது போலிருக்கும். ஆனால் ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால், அது கைமேல் கொண்டுவந்து மோதும் ஆற்றல் இரட்டிப்பாகிறது. இது இயற்பியல் கணக்கு. பிடியில் எவ்வளவு ரப்பர் ஒட்டினாலும் ஓரளவுக்குத்தான் தணியும். 340பிடியில் முழு பலமுள்ள .357 தோட்டாவைச் சுட்டவர்கள் பெரும்பாலும் ஒரு சிலிண்டரோடு நிறுத்திக்கொள்வார்கள். உள்ளங்கையில் கட்டை விரலின் அடிப்பகுதி எரியும், நடுவிரல் டிரிகரைச் சுற்றியுள்ள வளையமான டிரிகர் கார்டில் இடிபடும். அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போகவே மனசு வராது. பயிற்சி இல்லாத துப்பாக்கி ஆபத்து நேரத்தில் உதவாது.

மறுபக்கமும் உண்மைதான். 720 கிராம் எஸ்பி101-ஐ மெல்லிய துணிப் பேன்ட்டின் பாக்கெட்டில் போட்டால் அந்தப் பக்கம் தொங்கும், நடக்கும்போது தொடையில் ஆடும். இரண்டு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

அதனால் என் கருத்து இது: நீங்கள் தினமும் சலிக்காமல் தூக்கிச் செல்லக் கூடியவற்றில் ஆகக் கனமானது எதுவோ அதை வாங்குங்கள். பாக்கெட்டுக்கு மட்டும் என்றால் அது 400 கிராம் பக்கத்தில் வந்து நிற்கும். பெல்ட் என்றால் 600-ஐத் தாண்டியும் வசதியாக இருக்கும்.

.38 ஸ்பெஷலா, .357 மேக்னமா?

.357 மேக்னம் 1930-களின் நடுவில் .38 ஸ்பெஷலின் கூட்டையே (வெடிமருந்தும் குண்டும் அடங்கும் உலோகக் குப்பி) சுமார் 3.4 மி.மீ. நீட்டி உருவாக்கப்பட்டது. அதிக அழுத்தமுள்ள அந்தத் தோட்டா தவறுதலாகப் பழைய .38 துப்பாக்கியில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். ஆகவே .357 ரிவால்வரில் இரண்டையும் சுடலாம்; .38 ரிவால்வரில் .357 சுடக் கூடாது.

சின்ன ஃபிரேமில் .357 தேவையா என்றால், தோட்டாவாகத் தேவையில்லை, துப்பாக்கியாக நல்லது. இரண்டு அங்குலக் குழலில் மேக்னம் வெடிமருந்தின் ஒரு பங்கு குழலுக்கு வெளியே வந்துதான் எரிகிறது. இருட்டில் கண் கூசும் தீப்பிழம்பு, மூடிய அறையில் காதைப் பிளக்கும் சத்தம், அடுத்த குண்டுக்குக் குறியைத் திரும்பக் கொண்டுவர அரை நொடி தாமதம். வேகம் .38-ஐ விடக் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லாபத்துக்குக் கொடுக்கும் விலை சின்னத் துப்பாக்கியில் மிக அதிகம்.

அப்படியானால் .357 துப்பாக்கி ஏன் நல்லது? அந்த அழுத்தத்தைத் தாங்கக் கட்டியதால் உடம்பு வலுவாக, கொஞ்சம் கனமாக இருக்கும். அதில் .38 போட்டுச் சுட்டால் உதை குறைகிறது, ஆயுளும் நீள்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: .357 சிலிண்டரின் அறைகளில், அதாவது தோட்டா நுழையும் துளைகளில், .38 நிறையச் சுட்டால், குட்டையான கூடு முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் பின்னால் .357 தோட்டா முழுதாக உள்ளே போகாமல் மக்கர் பண்ணும்.

.38-இல் எந்தத் தோட்டா போடுவது?

பெட்டியில் +பி என்று போட்டிருந்தால் வழக்கமான .38-ஐ விட அழுத்தம் கூடியது என்று பொருள். இன்றைய 642, எல்சிஆர் போன்றவை இதற்கு ஏற்றவை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பழைய அலுமினிய ஃபிரேம் துப்பாக்கிகளில், +பி சுடலாம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய போடாதீர்கள்.

குட்டைக் குழலில் விரியும் குண்டுகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. விரிவதற்கு வேகம் வேண்டும், வேகத்துக்குக் குழல் நீளம் வேண்டும். அதனால் குட்டைக் குழலுக்கென்றே வடிவமைத்த தோட்டாக்களைத் தேடுங்கள். ஸ்பியர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் (குண்டின் எடையளவு) +பி அந்த வகையில் பெயர் பெற்றது. அதன் உதை உங்களுக்கு அதிகமாகத் தெரிந்தால், குறிப்பலகைக்கென்று செய்யும் 148 கிரெய்ன் தட்டைமுனைக் குண்டு இருக்கிறது. வாட்கட்டர் என்பார்கள். விரியாது, ஆனால் நேராகவும் ஆழமாகவும் போகும், உதை மிகக் குறைவு. கைக்கு அடங்கிய வாட்கட்டர் ஐந்தும் ஒரே இடத்தில் விழுவது, அடங்காத +பி ஐந்தும் சிதறுவதை விட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குறை: முனை தட்டையாக இருப்பதால் அவசரத்தில் சிலிண்டருக்குள் நுழைக்கும்போது விளிம்பில் தட்டும். அதனால் சிலிண்டரில் வாட்கட்டர், மாற்றாக வைத்திருப்பதில் உருண்டை முனை என்று கலந்து வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டும் ஒரே உயரத்தில் படுகிறதா என்று சுட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தத் துப்பாக்கிகளின் குறிமுனை பெரும்பாலும் அசையாதது. கனமான குண்டு சற்று மேலேயும், லேசான வேகக் குண்டு சற்றுக் கீழேயும் படும்.

லேசான துப்பாக்கிக்கு இன்னொரு சோதனை கட்டாயம். உதையின் வேகத்தில் ஃபிரேம் பின்னால் குதிக்கும்போது, இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நழுவும். நழுவிய குண்டு சிலிண்டரின் முன்பக்கம் எட்டிப் பார்த்தால் சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ஐந்து போட்டு நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்து, பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். உயரம் மாறியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. 340பிடியில் 120 கிரெய்னுக்குக் குறைந்த மேக்னம் குண்டுகளையும் தவிர்க்கச் சொல்லித் தயாரிப்பாளர் எச்சரிக்கிறார்.

.32, .22, 9 எம்.எம். எல்லாம் எப்படி?

.32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம் 1984-இல் வந்து, பலரும் மறந்துபோய், இப்போது திரும்பவும் பேசப்படுகிறது. காரணம் நியாயமானது: ஜே ஃபிரேமிலேயே ஆறு தோட்டா அடங்குகிறது, உதை .38-ஐ விடத் தெளிவாகக் குறைவு. கை சிறியவர்கள், வயதானவர்கள் முதலில் இதைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். .327 ஃபெடரல் மேக்னம் துப்பாக்கியில் .32 ஹெச் அண்ட் ஆர், .32 லாங் எல்லாம் போகும் என்பது கூடுதல் வசதி. ஆனால் .327-இன் முழு பலத்தில் சத்தமும் அதிர்வும் .357-ஐ நெருங்கும். .32 தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

.22 பயிற்சிக்கு அருமை. எல்சிஆர் .22-இல் எட்டுத் தோட்டா போகும். ஆனால் தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்க வைப்பதால் வெடிக்காமல் போகும் வாய்ப்பு .38-ஐ விட அதிகம். அந்த விளிம்பை வலுவாக அடிக்க வேண்டியிருப்பதால் டிரிகரும் கனமாகவே இருக்கும். உதையைத் தாங்கவே முடியாதவருக்கு இது கடைசி வழி. 9 எம்.எம். ரிவால்வரில் பெரும்பாலும் தோட்டாக்களை மெல்லிய தகட்டு வளையத்தில் கோர்த்துப் போட வேண்டும். மாற்றிப் போடுவது வேகம்தான், ஆனால் பாக்கெட்டில் கிடந்து அந்த வளையம் வளைந்தால் சிலிண்டர் இறுகிவிடும்.

குழல் இரண்டு அங்குலமா, மூன்றா?

பாக்கெட் என்றால் இரண்டு. 642, எல்சிஆர் போன்றவற்றில் அது சரியாகச் சொன்னால் 1.87 அங்குலம். பெல்ட்டில் வைப்பதென்றால் மூன்று அங்குலத்தை ஒருமுறை முயன்று பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். கூடுதல் ஒரு அங்குலம் பேன்ட்டுக்குள் கீழ்நோக்கிப் போவதால் மறைப்பதில் பெரிய வித்தியாசம் வராது. வெளியே துருத்துவது பிடியும் சிலிண்டரும்தான்.

கிடைக்கும் லாபமோ அதிகம். முன்குறிக்கும் பின்பள்ளத்துக்கும் இடையே தூரம் கூடுவதால் குறி பார்ப்பது எளிதாகிறது. கூட்டை வெளியே தள்ளும் கம்பி குட்டைக் குழலின் கீழே முழு நீளத்துக்கு அமைய இடம் கிடையாது; அதனால் காலிக் கூடுகள் பாதி வழியில் தொங்கும். மூன்று அங்குலத்தில் கம்பி பொதுவாக நீளமாக இருப்பதால் கூடுகள் சுத்தமாக வந்து விழும்.

ஹாமர் வெளியே தெரிய வேண்டுமா, உள்ளேயே இருக்கலாமா?

தோட்டாவை வெடிக்க வைக்கப் பின்னிருந்து அடிக்கும் சுத்தியல்தான் ஹாமர். பாக்கெட்டில் வைத்தால் அது உள்ளே இருப்பதே சரி. 642, 442, 640, எல்சிஆர் எல்லாம் இந்த வகை. வெளியே நீட்டிய ஹாமரின் கொக்கி, எடுக்கும் வேகத்தில் துணியைப் பிடித்துக்கொள்ளும். பெயரில் ஹாமர் இல்லாதது என்று சொன்னாலும், உள்ளே ஹாமர் இருக்கிறது. மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 638 போல இரு பக்கமும் சுவர் எழுப்பி நுனியை மட்டும் விரலுக்கு விட்டிருக்கும் வகை நடுவழி. அந்த இடுக்கில் பஞ்சும் தூசியும் சேரும், அடிக்கடி ஊதித் துடைக்க வேண்டும்.

பொது உபயோகம் பெரும்பங்கு என்றால் வெளி ஹாமருக்கு ஒரு நியாயம் உண்டு. நிதானமாகக் குறிப்பலகையில் சுடும்போது ஹாமரைப் பின்னுக்கு இழுத்து வைத்து லேசான டிரிகரில் சுடலாம். ஆனால் தற்காப்புக்கு அப்படிச் சுடும் பழக்கமே வேண்டாம். கை நடுங்கும் நேரத்தில் லேசான டிரிகரில் விரல் இருப்பது ஆபத்து; சுடத் தேவையில்லை என்றானதும் ஏற்றிய ஹாமரை மெதுவாக இறக்குவது அதைவிட ஆபத்து.

டிரிகர் இவ்வளவு கனமாக இருக்கிறதே, பழகுமா?

பழகும், ஆனால் தானாகப் பழகாது. டிரிகரை இழுத்தே ஹாமரை ஏற்றி விழவும் வைக்கும் டபுள் ஆக்‌ஷனில் ஐந்து கிலோ எடையைத் தூக்குவது போல் இழுக்க வேண்டியிருக்கும். லேசான துப்பாக்கியோ அரைக் கிலோகூட இல்லை. இழுக்கும் விசை துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருப்பதால் நுனி ஆடத்தான் செய்யும்.

காலித் துப்பாக்கியில் இழுத்துப் பழகுவதே இதற்கு மருந்து. சிலிண்டரைத் திறந்து அறைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். குண்டு துளைக்காத சுவர் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, முன்குறியின் மேல் கண்ணை வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராகக் கடைசிவரை இழுங்கள். ஹாமர் விழும் கணத்தில் முன்குறி துள்ளாமல் நிற்க வேண்டும். டிரிகரை முழுதாக முன்னே விடுவதும் பயிற்சிதான். பாதியில் விட்டுத் திரும்ப இழுத்தால் சிலிண்டர் சுழன்றும் சுடாமல் போகும், அல்லது டிரிகர் அப்படியே நின்றுவிடும். தினம் பத்து நிமிடம், ஒரு மாதம் செய்து பாருங்கள். நவீன .38, .357 ரிவால்வர்களுக்கு இதனால் கெடுதி இல்லை; பயிற்சிப் போலித் தோட்டா போட்டால் இன்னும் நல்லது. .22-இல் கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள்.

லேசான ஸ்பிரிங் போட்டு டிரிகரைக் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். ஹாமர் அடிக்கும் பலமும் சேர்ந்து குறைந்து, தோட்டா வெடிக்காமல் போகக் கூடும். தற்காப்புத் துப்பாக்கியில் அந்த விளையாட்டு வேண்டாம். கையில் எடுத்தவுடன் மென்மையான டிரிகர் வேண்டுமென்றால் எல்சிஆரை இழுத்துப் பாருங்கள்.

பிடியும் குறிமுனையும் மாற்ற வேண்டுமா?

பிடியை மாற்றுவது செலவு குறைந்த, பலன் நிறைந்த மாற்றம். இரண்டு விரல் பிடி பாக்கெட்டுக்கு, மூன்று விரல் பிடி பெல்ட்டுக்கு. ரப்பர் உதையைத் தணிக்கும், ஆனால் பாக்கெட் துணியில் ஒட்டும். மரமோ வழவழப்பான பிளாஸ்டிக்கோ துணியில் சறுக்கி வெளியே வரும். ஃபிரேமின் பின்முதுகையும் மூடும் பிடி, உள்ளங்கைக்கு இதம். ஆனால் டிரிகருக்குத் தூரம் கூடும், சின்னக் கைக்கு எட்டாது.

எஃகு நிறத்தில் இருக்கும் முன்குறி வெளிச்சத்தில் கரைந்துபோகும். எல்சிஆரில் அதைக் கழற்றி வேறு மாட்டலாம். மாற்ற முடியாதவற்றில் எண்ணெய் போகத் துடைத்து, அடியில் வெள்ளைப் பூச்சு, மேலே பளீர் ஆரஞ்சு. வேலை முடிந்தது.

ஐந்து தோட்டா போதுமா? மறுபடி நிரப்புவது எப்படி?

ஐந்துதான் என்று தெரிந்தே எடுத்துப் போகிறோம், எனவே இன்னும் ஐந்து கூடவே இருக்கட்டும். வட்டமான ஸ்பீடு லோடர் ஐந்தையும் ஒரே தள்ளலில் போடும், ஆனால் பாக்கெட்டில் பருமனாகத் துருத்தும். ரப்பர் பட்டையில் வரிசையாகத் தோட்டா செருகிய ஸ்பீடு ஸ்டிரிப் தட்டையானது, சட்டைப் பையிலும் அடங்கும், வேகம் குறைவு.

நிரப்பும்போது செய்யும் பிழை, குழலைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு கம்பியை அழுத்துவது. குட்டைக் கம்பி கூடுகளை முழுதாகத் தள்ளாது. ஒரு கூட்டின் விளிம்பு, கூடுகளைத் தூக்கும் நட்சத்திரத் தகட்டுக்குக் கீழே நழுவிப் புகுந்தால் அதை நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். குழலை நேராக வானத்தை நோக்கித் திருப்பி, உள்ளங்கையால் கம்பியை ஒரே அடி அடியுங்கள். கூடுகள் கொட்டிவிடும். அப்புறம் குழலைத் தரையை நோக்கித் திருப்பிப் புதிய தோட்டாவைப் போடுங்கள்.

உடம்பில் எங்கே வைப்பது?

முன் பாக்கெட்டில் வைத்தால் பாக்கெட் உறை கட்டாயம். டிரிகர் கார்டு முழுக்க மூடியிருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் எடுப்பது கடினம் என்பது இதன் பலவீனம். ஆனால் நிற்கும்போது கையைப் பாக்கெட்டில் விட்டபடி யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொள்ளலாம்.

பெல்ட் உறைதான் எடுக்க வேகமானது, எந்த நிலையிலும் எட்டும். கணுக்கால் இரண்டாவது துப்பாக்கிக்குச் சரி, முதலாவதுக்கு மெதுவு. கைப்பையில் வைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. பையைப் பறித்தால் துப்பாக்கியும் போச்சு, பையைக் கீழே வைத்தால் குழந்தை கைக்கு எட்டும்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எது?

பாக்கெட்டைத் தவிர வேறு வழியில்லை என்பவருக்கு 642 அல்லது எல்சிஆர் .38. பெல்ட் அணிய முடிகிறவர், பயிற்சிக்கும் வெளியிடத்துக்கும் சேர்த்தே வேண்டும் என்பவருக்கு மூன்று அங்குல எஸ்பி101 அல்லது அதே நீளத்தில் ஸ்மித் 60. சுமப்பது .357 துப்பாக்கி, போடுவது .38 +பி. இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவருக்கு எல்சிஆர் .357: 480 கிராமில் .38 சுட்டால் கை தாங்குகிறது, நல்ல பேன்ட் பாக்கெட்டும் தாங்குகிறது. எதை வாங்கினாலும் வாங்கும் முன் அதே மாடலை வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்து ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள்.

பழைய ரிவால்வர் கிடைக்கிறது. என்ன பார்த்து வாங்குவது?

முதலில் காலியா என்று பாருங்கள், விற்பவர் பார்த்திருந்தாலும். அப்புறம் ஹாமரை மிக மெதுவாகப் பின்னே இழுங்கள், இன்னொரு கை விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்தபடி. ஹாமர் கடைசி நிலைக்குப் போய்ப் பூட்டும் முன்பே சிலிண்டர் தன் பள்ளத்தில் கிளிக் என்று விழ வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஒன்று மட்டும் பின்தங்கினாலும் அது குறைதான். உள் ஹாமர் என்றால் டிரிகரை அதே நிதானத்தில் இழுத்துப் பார்க்கலாம். அறை குழலுக்கு நேராக வராமல் சுட்டால் ஈயச் சில்லு பக்கவாட்டில் தெறிக்கும்.

ஏற்றிய ஹாமரைக் கட்டை விரலால் முன்னோக்கி அழுத்துங்கள். டிரிகரைத் தொடாமல் விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடக்கக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்தால் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருப்பது நல்லது, 0.25-ஐத் தாண்டினால் பேரம் பேசுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியிலிருந்துதான் சுடும்போது சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். எனவே எந்த ரிவால்வரிலும் உங்கள் விரல் அந்த இடத்துக்கு முன்னால் போகவே கூடாது.

மிகப் பழைய துப்பாக்கியானால் இன்னொன்று: கீழே விழுந்தால் ஹாமர் தோட்டாவைத் தட்டாமல் தடுக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறதா என்று துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் உறுதி செய்யுங்கள். நவீன ரிவால்வர்களில் இது இருப்பதால் எல்லா அறையும் நிரப்பி வைக்கலாம்.

சுத்தம் செய்வதில் ரிவால்வருக்கென்று கவனிக்க வேண்டியது?

நட்சத்திரத் தகட்டின் அடிப்பக்கம். எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்றே ஒன்று அங்கே ஒட்டியிருந்தாலும் தகடு சமமாக உட்காராது, சிலிண்டர் உரசும், டிரிகர் திடீரென்று கனக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பழைய பல் தூரிகையால் அங்கே தேயுங்கள், எண்ணெய் விடாதீர்கள்; எண்ணெயில் துகள் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டரின் முன்முகத்தில் படியும் கருப்பு வளையங்கள் கெடுதி செய்யாது. குறிப்பாக டைட்டானியம் சிலிண்டரில் அவற்றைச் சுரண்டி எடுக்கப் போய் மேற்பூச்சைக் கெடுக்காதீர்கள். பாக்கெட்டில் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தோட்டாவை இறக்கிவிட்டு, குழலிலும் அறைகளிலும் சேர்ந்த பஞ்சைத் துடைக்க வேண்டும்.

வீட்டில் எப்படி வைப்பது?

டிரிகர் கனமாக இருப்பதால் குழந்தையால் இழுக்க முடியாது என்று நம்பாதீர்கள். குழந்தை துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தும். அப்போது முகம் குழலுக்கு எதிரே இருக்கும். உடம்பில் இல்லாத நேரமெல்லாம் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். இரவில் சீக்கிரம் எடுக்க வேண்டுமென்றால், இருட்டில் விரலால் தடவித் திறக்கும் பொத்தான் பூட்டுள்ள சின்னப் பெட்டியைக் கட்டிலோடோ சுவரோடோ திருகி வையுங்கள். நீண்ட நாள் வைப்பதென்றால் தோட்டாவை இறக்கி, சிலிண்டரைத் திறந்து, கம்பிப் பூட்டைக் குழலுக்குள் விட்டுப் பூட்டினால் சிலிண்டரை மூடவே முடியாது. தோல் உறையோடு சேர்த்து வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகில்கூட சில மாதத்தில் புள்ளி விழும்.